இழுத்துப் போட்டாச்சு, இனி பைதான் பேசட்டும்!



மினி ப்ராஜெக்ட் சீசன் வந்தாலே ஹாஸ்டல் முழுக்க ஒரு வார்த்தை சுத்த ஆரம்பிச்சிடும்: லோ-கோடு. "கோடே எழுத வேணாம் மச்சி, பட்டனை இழுத்துப் போடு, ஆப் ரெடி!" இது பாதி உண்மை. திரையை வடிவமைப்பது நிஜமாகவே சில நிமிட வேலைதான். ஆனால் ரிவ்யூவில் கேள்வி திரையைப் பற்றி வராது. "கடைசி ஒரு சீட் இருக்கும்போது ரெண்டு பேர் ஒரே நேரத்துல இந்தப் பட்டனை அமுக்கினா என்னப்பா ஆகும்?" என்றுதான் வரும். அதற்குப் பதில் இழுத்துப் போட்ட பெட்டிகளில் இல்லை. அவற்றுக்குப் பின்னால் நீங்கள் எழுதும் சில வரி பைதானில் இருக்கிறது.

அந்தச் சில வரிகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பட்டன், டெக்ஸ்ட் பாக்ஸ், ட்ராப்டவுன் இதையெல்லாம் பைதான் ஸ்கிரிப்ட் வைத்து எப்படி ஆட்டிவைப்பது, அதைவிட முக்கியமாக, எந்த இடத்தில் அந்த அதிகாரம் முடிந்துபோகிறது என்பதையும் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு ஆன்வில் என்ற தளத்தை எடுத்துக்கொள்கிறேன். இலவசக் கணக்கு கிடைக்கும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டுமே பைதான். அதை ஓட்டும் என்ஜினும் 2020 முதல் ஓப்பன் சோர்ஸாகக் கிடைக்கிறது.

ஒரு சின்ன அறிவிப்பு: கோட் வரிகளை வாயால் படிக்கிற மாதிரியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். எடிட்டரில் அடிக்கும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

1991-இல் பிறந்த இருவர்

லோ-கோடு என்ற பெயரை ஃபாரஸ்டர் என்ற ஆய்வு நிறுவனம் 2014-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. பெயர்தான் புதுசு, யோசனை பழசு. 1991-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விஷுவல் பேசிக்கிலேயே பட்டனை இழுத்து வைத்து, அதை டபுள் க்ளிக் பண்ணி, உள்ளே கோட் எழுதினார்கள். அதே 1991-இல்தான் கைடோ வான் ராசம் பைதானின் முதல் பதிப்பை வெளியிட்டார்.

இருவரும் வலையில் சேர்ந்து வேலை செய்ய ஒரு தடை இருந்தது. பிரவுசர் நேரடியாகப் புரிந்துகொள்ளும் மொழி ஜாவாஸ்கிரிப்ட். அதனால்தான் ரீடூல் மாதிரியான பல லோ-கோடு தளங்கள் ஜாவாஸ்கிரிப்டையே கேட்கின்றன. மைக்ரோசாஃப்டின் பவர் ஆப்ஸ், எக்செல் ஃபார்முலா சாயலில் பவர் எஃப்எக்ஸ் என்று தனி மொழியே வைத்திருக்கிறது. ஆன்வில் வேறு வழியில் போனது. நீங்கள் எழுதும் பைதானை, ஸ்கல்ப்ட் என்ற கருவி பிரவுசருக்குள்ளேயே ஜாவாஸ்கிரிப்டாக மாற்றிவிடும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்: உங்கள் திரை கோட் ஓடுவது பயனரின் போனில். உங்கள் கணினியிலும் இல்லை, சர்வரிலும் இல்லை.

ஒரு காம்போனென்ட், மூன்று பிடி

திரையில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் ஒரு பைதான் ஆப்ஜெக்ட். அதைப் பிடிக்க மூன்று பிடிகள் உண்டு.

முதலாவது ப்ராப்பர்ட்டி. அதாவது அந்தப் பொருள் இப்போது எப்படி இருக்கிறது என்பது. என்ன எழுத்து (டெக்ஸ்ட்), தெரிகிறதா (விசிபிள்), அமுக்க முடியுமா (எனேபிள்ட்), என்ன நிறம் (ஃபோர்கிரவுண்ட்). இதை வலதுபக்கப் பெட்டியில் மவுஸால் மாற்றலாம். ஓடும்போது கோடாலும் மாற்றலாம்:

செல்ஃப்.பதிவு_பட்டன்.எனேபிள்ட் = ஃபால்ஸ்

அவ்வளவுதான், பட்டன் மங்கிவிடும். உங்கள் ஃபார்ம் ஒரு பைதான் கிளாஸ். பட்டன் அதன் ஒரு ஆட்ரிபியூட். இரண்டாம் ஆண்டில் ஓஓபி பேப்பரில் படித்த அதே கதை.

இரண்டாவது ஈவென்ட். பயனர் ஏதாவது செய்யும்போது அந்தப் பொருள் உங்களுக்குச் சொல்லும் செய்தி. பட்டனுக்கு க்ளிக். டெக்ஸ்ட் பாக்ஸுக்கு சேஞ்ச், பிரஸ்டு என்டர், லாஸ்ட் ஃபோகஸ். ட்ராப்டவுனுக்கு சேஞ்ச். அந்தச் செய்தி வந்ததும் ஓட வேண்டிய ஃபங்ஷனுக்கு ஹேண்ட்லர் என்று பெயர். டிசைன் பக்கத்தில் பட்டனை டபுள் க்ளிக் செய்தால் ஹேண்ட்லரின் தலைவரியை ஆன்வில் தானே எழுதித் தரும். கோடாலேயே இணைக்க வேண்டுமென்றால் செட் ஈவென்ட் ஹேண்ட்லர் என்ற மெத்தட் இருக்கிறது.

மூன்றாவது மெத்தட், அந்தப் பொருளிடம் "இதைச் செய்" என்று சொல்வது. ஒரு பேனலிடம் ஆட் காம்போனென்ட் என்று சொன்னால் புதிய பொருளைச் சேர்க்கும். கிளியர் என்றால் உள்ளே இருப்பதையெல்லாம் அகற்றும். டெக்ஸ்ட் பாக்ஸிடம் ஃபோகஸ் என்றால் கர்சர் அங்கே போய் நிற்கும்.

எவ்வளவு பெரிய ஆப்பாக இருந்தாலும் இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப வரும். ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பெயர் மாறும், சங்கதி மாறாது.

நம்ம ஆப்: சிம்போசியம் பதிவு

எல்லோருக்கும் தெரிந்த உதாரணமாகவே எடுப்போம். துறை சிம்போசியம். ஒரு வொர்க்‌ஷாப், 40 சீட். மாணவர் பெயர், போன் எண், நிகழ்ச்சி மூன்றையும் கொடுத்து "பதிவு செய்" அமுக்க வேண்டும். திரைக்குத் தேவை இரண்டு டெக்ஸ்ட் பாக்ஸ், ஒரு ட்ராப்டவுன், ஒரு பட்டன், தகவல் காட்ட ஒரு லேபிள்.

இங்கேயே பலர் சறுக்கும் இடங்கள் இரண்டு.

போன் எண் பெட்டிக்கு "நம்பர்" என்று டைப் கொடுக்கத் தோன்றும். கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தால் அந்தப் பெட்டியின் டெக்ஸ்ட், எழுத்துச் சரமாக வராது, எண்ணாகவே வரும். காலியாக இருந்தால் நன் வரும். பத்து இலக்கம் இருக்கா என்று பார்க்க லென் போட்டால் எரர் அடிக்கும். போன் எண்ணை யாரும் கூட்டிப் பெருக்கப் போவதில்லை. அதனால் அது எழுத்துச் சரமாகவே இருக்கட்டும். டைப்பை "டெல்" என்று வையுங்கள், போனில் எண் விசைப்பலகையும் வரும்.

அடுத்தது ட்ராப்டவுன். அதன் ஐட்டம்ஸில் வெறும் பெயர்ப் பட்டியல் கொடுக்கலாம். ஆனால் ஜோடியாகக் கொடுப்பது நல்லது. ஜோடியின் முதல் பாதி திரையில் தெரியும் பெயர், இரண்டாம் பாதி உள்ளே பயன்படும் மதிப்பு. நாளைக்கு "பேப்பர் பிரசன்டேஷன்" என்பதை "ஆய்வரங்கம்" என்று மாற்றினாலும் உள் மதிப்பு மாறாது. பழைய பதிவுகள் உடையாது. "ஒன்றைத் தேர்வு செய்யவும்" என்ற ப்ளேஸ்ஹோல்டரையும் வைத்துவிட்டால், எதுவும் தேர்வு செய்யாதபோது செலக்டட் வேல்யூ நன் என்று வரும். அதை வைத்தே சரிபார்க்கலாம்.

பத்து இடத்தில் எழுதாதே, ஒரே இடத்தில் எழுது

இனி பட்டன் எப்போது உயிர்பெற வேண்டும்? பெயர் இருக்கணும், போன் பத்து இலக்கமா இருக்கணும், நிகழ்ச்சி தேர்வாகியிருக்கணும். முதன்முதலில் எழுதுபவர் இயல்பாகவே இப்படி எழுதுவார்: பெயர்ப் பெட்டியின் சேஞ்ச் ஹேண்ட்லரில் ஒரு இஃப், போன் பெட்டியில் ஒரு இஃப், ட்ராப்டவுனில் ஒரு இஃப். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பட்டனை ஆன், ஆஃப் பண்ணும். பெயரை நிரப்பினால் ஆன் ஆகும், போனை அழித்தால் ஆஃப் ஆகும். அப்புறம் பெயரில் ஒரு எழுத்து திருத்தினால் மறுபடி ஆன் ஆகிவிடும், போன் காலியாக இருக்கும்போதே! பக் எங்கே என்று தேடினால் மூன்று ஃபங்ஷனையும் புரட்ட வேண்டும்.

வழி எளிது. திரை எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரே ஒரு ஃபங்ஷன் முடிவு செய்யட்டும்.

டெஃப் திரையைப்_புதுப்பி(செல்ஃப்):
பெயர்_சரி = செல்ஃப்.பெயர்_பெட்டி.டெக்ஸ்ட்.ஸ்ட்ரிப்() != ""
போன்_சரி = லென்(செல்ஃப்.போன்_பெட்டி.டெக்ஸ்ட்.ஸ்ட்ரிப்()) == 10
நிகழ்ச்சி_சரி = செல்ஃப்.நிகழ்ச்சி.செலக்டட்_வேல்யூ இஸ் நாட் நன்
செல்ஃப்.பதிவு_பட்டன்.எனேபிள்ட் = பெயர்_சரி அண்ட் போன்_சரி அண்ட் நிகழ்ச்சி_சரி

மூன்று பெட்டிகளின் சேஞ்ச் ஹேண்ட்லரும் செய்ய வேண்டிய ஒரே வேலை, இந்த ஃபங்ஷனைக் கூப்பிடுவது. ஃபார்ம் திறக்கும்போதும், இனிட் காம்போனென்ட்ஸ் வரிக்குப் பிறகு, ஒரு தடவை கூப்பிட்டுவிடுங்கள். நாளைக்குக் கல்லூரிப் பெயரும் கேட்க வேண்டுமென்றால் இந்த ஃபங்ஷனில் ஒரு வரி சேர்த்து, புதுப் பெட்டியின் ஹேண்ட்லரையும் இதோடு இணைத்தால் போதும்.

இதற்குள் ஒரு பெரிய பாடம் ஒளிந்திருக்கிறது. தகவலிலிருந்து திரை பிறக்க வேண்டும். திரையிலிருந்து தகவலைத் தேடக் கூடாது. "பட்டன் மங்கியிருக்கு, அப்போ பதிவு ஆகலை போல" என்று கோட் யோசிக்க ஆரம்பித்தால் சிக்கல் ஆரம்பம். "பதிவு ஆகலை, அதனால பட்டன் இப்படி இருக்கணும்" என்பதே சரியான திசை. ரியாக்ட் படிப்பவர்கள் ஸ்டேட், ஸ்டேட் என்று சொல்லிக்கொண்டிருப்பதும் இதைத்தான்.

நாற்பது பேர் பட்டியலை எப்படிக் காட்டுவது?

பதிவு செய்தவர்களின் பட்டியல் ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிய வேண்டும். நாற்பது லேபிளை இழுத்துப் போட முடியாதே! அதற்குத்தான் ரிப்பீட்டிங் பேனல். ஒரே ஒரு வரிசை எப்படி இருக்க வேண்டும் என்று டெம்ப்ளேட் வரைந்துவிட்டு, ஐட்டம்ஸ் ப்ராப்பர்ட்டியில் பட்டியலைக் கொடுத்தால், ஒவ்வொரு நபருக்கும் ஒரு வரிசை தானாக முளைக்கும். அந்த வரிசைக்கு உள்ளே செல்ஃப்.ஐட்டம் என்றால் அந்த ஒரு நபரின் தகவல்.

ஒவ்வொரு வரிசையிலும் "நீக்கு" என்று ஒரு பட்டன் வைக்கிறீர்கள். அமுக்கினால் வரிசையும் போக வேண்டும், மேலே இருக்கும் "மீதி சீட்" எண்ணும் கூட வேண்டும். ஆனால் அந்த எண் இருப்பது தாய் ஃபார்மில். வரிசைக்குள்ளிருந்து பேரண்ட் டாட் பேரண்ட் டாட் பேரண்ட் என்று ஏறிப்போய் லேபிளைத் தொடலாம், வேலை செய்யும். ஆனால் இடையில் ஒரு கார்டு பேனலைச் சேர்த்த அன்றைக்கு ஏணியின் ஒரு படி மாறிவிடும், எல்லாம் உடையும்.

நல்ல வழி, குரல் கொடுப்பது. வரிசை தன் பேனலிடம் ரெய்ஸ் ஈவென்ட் மூலம் ஒரு சொந்த ஈவென்ட்டை எழுப்பட்டும். அப்படி நாமே வைக்கும் ஈவென்ட் பெயர் எக்ஸ் எழுத்தும் ஒரு சின்னக் கோடும் கொண்டு தொடங்க வேண்டும் என்பது ஆன்வில் விதி. தாய் ஃபார்ம் அந்தக் குரலைக் கேட்டு, பட்டியலையும் எண்ணையும் தானே புதுப்பிக்கும். "என்ன நடந்தது" என்று சொல்வது பிள்ளையின் வேலை, "என்ன செய்வது" என்று முடிவெடுப்பது தாயின் வேலை.

ஒரே மொழி, இரண்டு வீடு

இப்போது முன்பு சொன்னதை எடுப்போம். திரை கோட் பயனரின் பிரவுசரில் ஓடுகிறது. அங்கே இருப்பது முழுப் பைதான் இல்லை. நம்பை, பாண்டாஸ் அங்கே கிடைக்காது. அவை வேண்டுமென்றால் சர்வர் மாட்யூலில்தான் எழுத வேண்டும். அங்கே ஓடுவது நாம் லேபில் பயன்படுத்தும் அசல் பைதான். சர்வரில் ஒரு ஃபங்ஷன் எழுதி, தலையில் காலபிள் என்ற டெக்கரேட்டர் வைத்தால், திரையிலிருந்து ஆன்வில்.சர்வர்.கால் மூலம் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம்.

கூப்பிடுவது ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரிக்குள் தகவல் நெட் வழியே சர்வருக்குப் போய்த் திரும்பி வருகிறது. அதனால் ஃபார் லூப்புக்குள் சர்வர் கால் வைக்காதீர்கள். நாற்பது பேருக்கு நாற்பது பயணம் ஆகும். ஹாஸ்டல் வைஃபையில் அது ஆமை வேகம். ஒரே பயணத்தில் மொத்தப் பட்டியலையும் வாங்கி வாருங்கள். இன்னொன்று, ஒரு சர்வர் ஃபங்ஷன் வழக்கமாக 30 வினாடிக்குள் முடிய வேண்டும். நாற்பது சான்றிதழ் பிடிஎஃப் தயாரிப்பது போன்ற நீண்ட வேலையை பேக்கிரவுண்ட் டாஸ்க்காகக் கொடுத்துவிட்டு, திரையில் ஒரு டைமர் வைத்து "முடிந்ததா?" என்று அவ்வப்போது கேட்கலாம். டைமரின் இன்டர்வலைச் சுழியமாக்கினால் அது நின்றுவிடும். வேலை முடிந்ததும் நிறுத்த மறக்காதீர்கள்.

பதிவு பட்டனின் ஹேண்ட்லரில் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் பட்டனை மங்கலாக்கு. பிறகு ட்ரைக்குள் சர்வரைக் கூப்பிடு. நெட் அறுந்தால் ஆப் ஆஃப்லைன் எரர் வரும். அதைப் பிடித்து "இணைப்பு இல்லை, பதிவு ஆனதா என்று பார்த்துவிட்டு மீண்டும் முயலுங்கள்" என்று லேபிளில் காட்டு. கடைசியில் ஃபைனலியில் திரையைப்_புதுப்பி ஃபங்ஷனைக் கூப்பிடு. பொறுமையில்லாமல் நாலு தடவை அமுக்குகிறவர்களை இந்த முதல் வரியே பெரும்பாலும் தடுத்துவிடும்.

"பெரும்பாலும்" என்றுதான் சொன்னேன். முழுதாகத் தடுப்பது எப்படி?

பூனை கண்ணை மூடிக்கொண்டால்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

ஒருங்கிணைப்பாளருக்கு மட்டும் தெரிய வேண்டிய "அனைவரின் எண்களும்" என்ற பேனல் இருக்கிறது. மாணவர் லாகின் செய்தால் அந்தப் பேனலின் விசிபிள் ஃபால்ஸ். திரையில் பார்த்தால் எதுவும் இல்லை, டெமோவில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அந்த நாற்பது எண்களும் ஏற்கெனவே அந்த மாணவரின் பிரவுசருக்கு வந்து உட்கார்ந்துவிட்டன. எஃப்-12 தட்டி டெவலப்பர் டூல்ஸ் திறக்கத் தெரிந்த முதலாமாண்டு மாணவர் போதும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

திரை கோடில் எழுதும் எதுவும் ரகசியம் இல்லை. அங்கே "அட்மின் பாஸ்வேர்டு இதுதானா?" என்று ஒரு இஃப் எழுதியிருந்தால், அந்தப் பாஸ்வேர்டும் பிரவுசருக்குப் போகிறது. அதேபோல காலபிள் என்று குறித்த சர்வர் ஃபங்ஷன் எதையும், உங்கள் பட்டனைத் தொடாமலேயே ஒருவர் நேரடியாகக் கூப்பிட முடியும். பட்டனை மங்கலாக்கினீர்களா, மறைத்தீர்களா என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஒரு சிம்போசியம் ஆப்தானே, இதுல என்ன போச்சு என்று தோன்றலாம். போவது நம்ம ஜூனியர்களின் போன் எண். பக்கத்துக் கல்லூரியிலிருந்து நம்மை நம்பிப் பதிவு செய்த மாணவிகளின் எண். அது ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போனபிறகு எந்த அன்டூ பட்டனும் வேலை செய்யாது. மதிப்பெண் போனால் அடுத்த ரிவ்யூவில் தேற்றிக்கொள்ளலாம், இதைத் தேற்ற முடியாது.

அதனால் நான்கு வேலைகளைச் சர்வரில் செய்யுங்கள்.

ஒன்று, யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள். காலபிள் டெக்கரேட்டரிலேயே ரிக்வயர் யூசர் = ட்ரூ என்று கொடுத்தால் லாகின் செய்யாதவரால் கூப்பிட முடியாது. லாகின் செய்தவர் ஒருங்கிணைப்பாளரா என்பதை ஃபங்ஷனுக்கு உள்ளே, கெட் யூசர் மூலம் எடுத்துச் சரிபாருங்கள். "நான் அட்மின்" என்று திரை அனுப்பும் மதிப்பை நம்பாதீர்கள்.

இரண்டு, தேவையானதை மட்டும் அனுப்புங்கள். டேட்டா டேபிளின் வரிசையை அப்படியே ரிட்டர்ன் செய்தால், நீங்கள் திரையில் காட்டாத நெடுவரிசைகளையும் பிரவுசரில் படித்துவிடலாம். பெயரும் நிகழ்ச்சியும் மட்டும் கொண்ட ஒரு டிக்‌ஷனரியைச் செய்து அனுப்புங்கள். டேபிளின் அனுமதி அமைப்பில் ஃபார்ம்களுக்கு "அனுமதி இல்லை" என்றே இருக்கட்டும். "கோட் ஓட மாட்டேங்குது" என்று அதை "தேடலாம், திருத்தலாம், அழிக்கலாம்" என்று மாற்றிவிடுவது, சாவியைக் கதவிலேயே தொங்கவிடுகிற வேலை.

மூன்று, மறுபடி சரிபாருங்கள். போன் பத்து இலக்கமா என்று திரையில் பார்த்தது பயனரின் வசதிக்காக. சர்வரில் பார்ப்பதுதான் காவல். இதில் ஒரு சுவாரசியம். பைதானின் இஸ்டிஜிட் தமிழ் எண்களையும் இலக்கம் என்றே ஏற்கும். "௯௮" என்பதை இன்ட்டுக்குள் போட்டால் 98 வரும்! பெருமைதான், ஆனால் இரண்டு விதமாக எழுதிய ஒரே எண் டேபிளில் இரண்டு எண்ணாக உட்காரும். அதனால் இஸ்ஆஸ்கி சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு, அந்த ரிவ்யூ கேள்வி. கடைசி சீட். இருவரின் திரையிலும் "மீதி 1" என்று காட்டுகிறது. இரு பட்டன்களும் உயிரோடு இருக்கின்றன. இருவரும் ஒரே நொடியில் அமுக்குகிறார்கள். சர்வரில் முதல் கால் எண்ணிப் பார்க்கிறது, 39 பேர். அது எழுதுவதற்குள் இரண்டாம் காலும் எண்ணுகிறது, அதே 39. இருவரையும் சேர்த்துவிட்டால் 41 பேர்! திரையில் எவ்வளவு சாமர்த்தியமாகக் கோட் எழுதினாலும் இதைத் தடுக்க முடியாது. ஏனென்றால் ஒரு திரைக்கு இன்னொரு திரையைத் தெரியாது. எண்ணுவதையும் எழுதுவதையும் ஒரே சர்வர் ஃபங்ஷனில் வைத்து, இன் டிரான்சாக்‌ஷன் என்ற டெக்கரேட்டரைப் போடுங்கள். இரண்டும் மோதினால் ஒன்று மட்டும் நிறைவேறும். மற்றது தானாகவே மறுபடி முதலிலிருந்து ஓடும். இந்த முறை எண்ணும்போது 40 என்று தெரியும், "இடம் நிரம்பிவிட்டது" என்று பதில் போகும். டிபிஎம்எஸ் பேப்பரில் மனப்பாடம் பண்ணிய ஐசொலேஷன் இங்கேதான் உயிரோடு நடமாடுகிறது.

இனி ரிவ்யூவில் அந்தக் கேள்வி வந்தால், பட்டனைக் காட்டாதீர்கள். சர்வர் மாட்யூலைத் திறந்து அந்த டெக்கரேட்டரைக் காட்டுங்கள்.

ஈசிஇ, இஇஇ, இன்ஸ்ட்ரு மக்களுக்கு

"இதெல்லாம் சிஎஸ்இ சமாச்சாரம்" என்று பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். உங்களுக்கும் இதில் இரண்டு விஷயம் இருக்கிறது.

முதலாவது அப்லிங்க். உங்கள் ராஸ்பெர்ரி பையில் ஒரு பைதான் ஸ்கிரிப்ட் ஓடுகிறது. அதில் ஆன்வில்.சர்வர்.கனெக்ட் என்று ஒரு வரி, ஒரு காலபிள் ஃபங்ஷன், கடைசியில் வெயிட் ஃபாரெவர். அவ்வளவுதான், இணையத்தில் இருக்கும் பட்டனை அமுக்கினால் லேபில் இருக்கும் போர்டில் எல்இடி எரியும். இணைப்பைத் தொடங்குவது போர்டுதான் என்பதால் அதற்குத் தனி ஐபி முகவரியோ, ரவுட்டரில் போர்ட் திறப்பதோ தேவையில்லை. ஆனால் சர்வர் அப்லிங்க் சாவி கையில் இருப்பவர் உங்கள் சர்வர் கோட் செய்யக்கூடியதையெல்லாம் செய்யலாம். ஸ்கிரிப்டோடு சேர்த்து அதை கிட்ஹப்பில் ஏற்றிவிடாதீர்கள்.

இரண்டாவது, தொழிற்சாலைத் திரைகள். இன்டக்டிவ் ஆட்டோமேஷன் நிறுவனத்தின் இக்னிஷன் என்ற ஸ்காடா மென்பொருளிலும் இதே கதைதான். வால்வு, டேங்க், மீட்டர் இவற்றை இழுத்துப் போட்டுத் திரை வரைந்து, பைதானால் அவற்றை இயக்குவார்கள். அங்கே ஓடுவது ஜாவாவின் மேல் எழுதப்பட்ட ஜைதான் 2.7. அதாவது பழைய பைதான் 2. எஃப்-ஸ்ட்ரிங் கிடையாது. 5-ஐ 2-ஆல் வகுத்தால் 2.5 வராது, 2-தான் வரும். டேங்க் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று இரண்டு முழு எண்களை வகுத்தால், டேங்க் முழுதாக நிரம்பும்வரை மீட்டர் சுழியத்திலேயே நிற்கும். கல்லூரித் திரையில் அது ஒரு பக். ஆலையில் அதைப் பார்த்து ஒரு ஆபரேட்டர் பம்பை ஓட்டிக்கொண்டே இருப்பார்.

அங்கேயும் ஸ்கிரிப்ட் எங்கே ஓடுகிறது என்ற கேள்விதான் முதலில் வரும். இக்னிஷனின் விஷன் திரைகளில் ஸ்கிரிப்ட் ஆபரேட்டரின் கணினியில் ஓடும். பெர்ஸ்பெக்டிவ் திரைகளில் கேட்வே என்ற சர்வரில் ஓடும். அதனால் பெர்ஸ்பெக்டிவ் ஸ்கிரிப்டில் ஒரு கோப்பைத் திறந்தால், திறப்பது சர்வரின் கோப்பு, ஆபரேட்டர் கையில் இருக்கும் டேப்லெட்டின் கோப்பு இல்லை.

சப்மிட் பண்றதுக்கு முன்னாடி

உங்கள் ஆப்பை இந்த ஐந்து சோதனையிலும் ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.

1. பட்டனை ஆன், ஆஃப் பண்ணும் வரி எத்தனை இடத்தில் இருக்கிறது? ஒன்றுக்கு மேல் என்றால் ஒரே ஃபங்ஷனுக்கு மாற்றுங்கள்.

2. போனில் ஏரோப்ளேன் மோட் போட்டுவிட்டு "பதிவு செய்" அமுக்குங்கள். பயனருக்குப் புரிகிற தமிழில் பதில் வருகிறதா, சிவப்புப் பெட்டியில் எரர் வருகிறதா?

3. எஃப்-12 தட்டி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு பட்டியல் பக்கத்தைத் திறங்கள். திரையில் தெரியாத ஏதாவது அங்கே தெரிகிறதா?

4. சர்வர் மாட்யூலில் உள்ள ஒவ்வொரு காலபிள் ஃபங்ஷனையும் பார்த்து, "இதை முன்பின் தெரியாத ஒருவர் நேரடியாகக் கூப்பிட்டால்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் பயமாக இருந்தால், சோதனை போதவில்லை.

5. சீட் எண்ணிக்கையை 1 என்று வைத்து, இரண்டு போனில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லி ஒன்றாக அமுக்குங்கள். பத்து தடவை. ஒரு தடவைகூட இரண்டு பதிவு ஆகக் கூடாது.

ஐந்தாவது சோதனைக்கு ஒரு ரூம்மேட் தேவை, டீ வாங்கிக் கொடுத்தால் வருவார்.

இழுத்துப் போடும் கருவிகள் நம் நேரத்தை மிச்சப்படுத்துகின்றன. மிச்சமான அந்த நேரத்தை பட்டனின் நிறத்தை மாற்றிக்கொண்டே செலவழிக்காமல், இந்த ஐந்துக்கும் கொடுங்கள். உங்கள் ஆப்பில் பெயரும் எண்ணும் கொடுக்கப்போகும் அந்த நாற்பது பேர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் உங்களை நம்பித்தான் அந்தப் பெட்டியை நிரப்புகிறார்கள்.